விண்கலத்தில் ஒரு கண்ணாடிச் சிலந்தி



சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் படித்து, பின்னர் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தை அடைந்த மாணவன் ஒருவன், விடுமுறையில் என்னைக் காண வந்தான். "படிப்பதற்கு ஆங்கில நூல் ஏதேனும் தாருங்கள் ஐயா" என்று கேட்டான். பழைய புத்தகக் கடையில் நான் வாங்கி வைத்திருந்த ஓர் அறிவியல் புதினத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டே நாளில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். "முடித்துவிட்டாயா?" என்று வியப்புடன் வினவினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லை ஐயா. பத்துப் பக்கத்திற்கு மேல் போகவில்லை. யார் யாரோ வருகிறார்கள், என்னென்னவோ பேசுகிறார்கள். ஒன்றும் புரியவில்லை" என்றான்.

'புரியவில்லை' என்னும் இச்சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். இச்சொல்லைச் சொல்வதில் தவறில்லை. ஆனால், சொல்லிவிட்டு நூலை மூடிவிடுவதில்தான் இழப்பு இருக்கிறது. அம்மாணவன் அந்நூலை மறுபடியும் எடுத்துச் சென்று, ஒரு மாத காலத்தில் முழுமையாகப் படித்து மகிழ்ந்தான். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல் பிறந்த கதை

அந்நூலின் பெயரைத் தமிழில் 'புண்பட்ட வானம்' எனலாம். அமெரிக்க எழுத்தாளரான டயேன் டுவேன் என்னும் அம்மையார் எழுதிய இப்புதினம் 1983-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1952-இல் நியூயார்க் நகரில் பிறந்த இவர், மனநலப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றியபின் எழுத்துத் துறைக்கு வந்தவர்.

இப்புதினம் தனித்துப் பிறந்ததன்று. ஒரு தொலைக்காட்சித் தொடரின் கிளையாகப் பிறந்தது. 'ஸ்டார் டிரெக்' என்னும் அத்தொடரை உருவாக்கியவர் ஜீன் ரோடன்பெரி. அது 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் 1969-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. மொத்தம் 79 பகுதிகள். எண்டர்பிரைஸ் என்னும் விண்கலம், ஏறத்தாழ 430 பேரைச் சுமந்துகொண்டு, எவரும் காணாத உலகங்களைக் காணச் செல்வதே அதன் கதை.

தொடர் நின்றபின்னும் மக்கள் அதனை மறக்கவில்லை. பதிப்பகத்தார் அக்கதை மாந்தர்களைக் கொண்டு புதிய புதினங்களை எழுதச் செய்தனர். திரையில் வந்த கதையை அப்படியே எழுத்தில் தருவது ஒருவகை நூல். அதே மாந்தர்களையும் அதே கலத்தையும் வைத்துக்கொண்டு, திரையில் வராத புதிய கதையைக் கூறுவது மற்றொரு வகை. 'புண்பட்ட வானம்' இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

"தொலைக்காட்சிக் கதையை ஒட்டிய நூல்தானே, அதில் என்ன பெருமை இருக்கிறது?" என்று சிலர் எண்ணக்கூடும். ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். திரையில் விந்தையான ஓர் உயிரைக் காட்ட வேண்டுமானால், பொம்மை செய்ய வேண்டும்; வேடம் புனைய வேண்டும்; பெரும்பொருள் செலவிட வேண்டும். ஏட்டிலோ ஒரு வரி எழுதினால் போதும். ஆகவே, அக்காலத்துத் திரையில் காட்ட இயலாத விந்தைகளெல்லாம் இத்தகைய நூல்களில் வந்து குடியேறின. இந்நூல் கடினமாயிருப்பதற்கும் இனிமையாயிருப்பதற்கும் காரணம் இதுவே.

கலத்தில் இருப்போர் யாவர்?

இப்புதினத்தில் ஒரே ஒரு தலைவன் வந்து எல்லாவற்றையும் செய்து முடிப்பதில்லை. பலர் சேர்ந்தே கதையை நடத்துகின்றனர். அவர்களை முதலில் அறிந்துகொள்வோம்.

கலத்தின் தலைவர் கர்க். முடிவெடுக்கும் பொறுப்பு அவருடையது. அவருக்கு அடுத்தவர் ஸ்பாக். இவருடைய தந்தையார் வல்கன் என்னும் வேற்றுலகைச் சேர்ந்தவர். தாயாரோ நம் பூமியில் பிறந்தவர். உணர்ச்சியை அடக்கி, அறிவின் வழியே நடப்பது வல்கன் உலகத்தாரின் ஒழுக்கம். மருத்துவர் மெக்காய் அதற்கு நேர்மாறானவர். உள்ளத்தில் தோன்றுவதை உடனே சொல்லிவிடுவார். இவ்விருவரும் ஓயாது வாதிடுவர். ஆனால், ஒருவருக்குத் துன்பம் வந்தால் மற்றவர் உறங்கமாட்டார்.

இயந்திரப் பிரிவின் தலைவர் ஸ்காட். ஸ்காட்லாந்து நாட்டவர். கலத்தின் இயந்திரங்களைப் பெற்ற பிள்ளைகளைப்போல் பேணுபவர். செய்தித் தொடர்பு அதிகாரி ஊஹுரா ஆப்பிரிக்கப் பெண்மணி. சுவாஹிலி மொழியில் விடுதலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவர் பெயர் பிறந்தது. செக்கோவ் உருசிய நாட்டு இளைஞர். அமெரிக்காவும் உருசியாவும் பகைமை பாராட்டிய 1967-ஆம் ஆண்டிலேயே, உருசியர் ஒருவரை அமெரிக்கத் தொடரில் நண்பராகச் சேர்த்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

கலத்தைச் செலுத்துபவர் சூலு. இப்பெயரில் நமக்கு அண்மையில் உள்ள ஒரு கடல் மறைந்திருக்கிறது. ஆசியாவின் எந்த ஒரு நாட்டையும் மட்டும் சுட்டாத பெயர் வேண்டும் என்று கருதிய ரோடன்பெரி, நிலப்படத்தில் சூலுக் கடலைக் கண்டு அப்பெயரைச் சூட்டினார் என்பர். சபா மாநிலத்தின் வடகிழக்குக் கரையைத் தழுவும் கடலன்றோ அது! நம் நாட்டுக் கரையில் மோதும் கடலின் பெயர் விண்மீன்களுக்கிடையே உலவுகிறது என்பதை எண்ணும்போது உள்ளம் மகிழ்கிறது.

இவர்களைத் தவிர, மனித உருவமே இல்லாத பலரும் அக்கலத்தில் பணியாற்றுகின்றனர். அவர்களுள் தலைசிறந்தவரை இனிக் காண்போம்.

அதுவா? அவரா?

புதிய இயந்திரம் ஒன்றை உருவாக்கிய இயற்பியல் அறிஞர் எண்டர்பிரைஸ் கலத்திற்கு வருகிறார். அவ்வறிஞர் ஒரு சிலந்தி! அதிலும் உடல் முழுவதும் கண்ணாடியால் ஆனதுபோல் ஒளி ஊடுருவும் சிலந்தி. வாய் திறந்து பேசினால் சிறு மணிகள் ஒலிப்பதுபோல் இருக்கும். பெயரோ 'க்'ட்'ல்க்'. இதில் உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. உயிர் துணைசெய்யாமல் மெய் ஒலிக்காது என்று இலக்கண வகுப்பில் படித்த நாம், இப்பெயரை எப்படி உச்சரிப்பது என்று திகைக்கிறோம். மணியோசையை எழுத்தில் எழுத முயன்றால் இப்படித்தான் முடியும் போலும்!

பத்துப் பக்கத்தில் நூலை மூடிய நம் மாணவன் தடுக்கி விழுந்த இடம் இதுதான். "சிலந்தி எப்படி ஐயா கணக்குப் போடும்?" என்று அவன் கேட்டான்.

நான் அவனுக்கு விடை கூறவில்லை. ஒரு வினாவையே திருப்பிக் கேட்டேன். "தம்பி, இலக்கணத்தில் உயர்திணை, அஃறிணை படித்திருக்கிறாய். இந்தச் சிலந்தி வந்ததை உன் தாயாரிடம் சொல்வதானால், 'அது வந்தது' என்பாயா, 'அவர் வந்தார்' என்பாயா?"

அவன் சற்றும் தயங்காமல், "அது வந்தது என்பேன்" என்றான்.

"சரி. அப்படியே சொல். ஆனால், நாள்தோறும் படித்ததை அன்றிரவே உன் தாயாரிடம் தமிழில் கூற வேண்டும். அதுமட்டும் போதும்" என்று சொல்லி நூலை மீண்டும் அவன் கையில் கொடுத்தேன்.

மனிதரை உயர்திணையிலும், சிலந்தி போன்றவற்றை அஃறிணையிலும் வைத்தனர் நம் இலக்கண ஆசிரியர்கள். ஆங்கிலம் முதலிய மொழிகளில் வினைச்சொல் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழில் 'வந்தது', 'வந்தாள்', 'வந்தார்' என ஒவ்வொரு வினையிலும் நாம் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். எதிரில் நிற்பவரை எவ்வாறு மதிக்கிறோம் என்பதை மறைக்க வழியே இல்லை. ஆகவே, இந்நூலைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது ஆங்கிலத்தில் படிப்பதைவிடக் கடினமானது, பயன் மிகுந்ததும்கூட.

கதையின் போக்கு

அச்சிலந்தி அறிஞர் கொண்டுவந்த இயந்திரம், கலத்தை நொடிப்பொழுதில் நெடுந்தொலைவு கொண்டு சேர்க்கவல்லது. அதைச் சோதித்துப் பார்க்கும் பணி எண்டர்பிரைஸ் கலத்தாருக்குக் கிடைக்கிறது. கிளிங்கன் என்னும் பகைவரின் தாக்குதலுக்கிடையே அவர்கள் புறப்படுகின்றனர். அவர்கள் செல்லும் இடம் சிறிய மெகல்லன் முகில் என்னும் விண்மீன் கூட்டம்.

இயந்திரம் இயங்கும்போது விந்தையொன்று நிகழ்கிறது. கலத்தில் உள்ளோர் தத்தம் மனத்தின் ஆழத்தையும், அருகிலுள்ள பிறருடைய மனத்தின் ஆழத்தையும் கண்டுவிடுகின்றனர். எத்தனையோ ஆண்டுகள் உடன் பணியாற்றிய தோழனின் உள்ளத்தில் இவ்வளவு ஆசையும் அச்சமும் இருந்தனவா என்று திகைக்கின்றனர்.

சென்று சேர்ந்தபின் பெரும் அதிர்ச்சி காத்திருக்கிறது. அந்த இயந்திரம் பாய்ந்ததனால் விண்வெளியிலேயே ஒரு கிழிசல் ஏற்பட்டுவிட்டது. வேறோர் உலகம், காலமும் மாறுதலும் இல்லாத உலகம், அக்கிழிசலின் வழியே நம் உலகிற்குள் கசிகிறது. விட்டுவிட்டால் அது பரவும். விண்மீன்களும் அவற்றைச் சூழ்ந்த உயிர்களும் அழியும். நூலின் பெயர் 'புண்பட்ட வானம்' என்று அமைந்ததன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? வானத்தைப் புண்படுத்தியவர் பகைவர் அல்லர். நல்லெண்ணத்துடன் புறப்பட்ட நம்மவர்களே!

அறியாமல் செய்த பிழைக்கு யார் பொறுப்பு? 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லித் திரும்பிவிடலாமா? அக்கலத்தார் அவ்வாறு செய்யவில்லை. கிழிசலைத் தைக்க வேண்டுமானால் அதனுள்ளேயே செல்ல வேண்டும் என்று அறிந்தும் செல்கின்றனர். அங்கு அவர்கள் கண்டது என்ன, கண்ணாடிச் சிலந்தி என்ன செய்தார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பனவற்றை நான் இங்கே கூறப்போவதில்லை. பிறர் மென்று கொடுத்த கரும்பில் சுவை இராது. நீங்களே படித்து அறிவதே சிறப்பு.

தொலைவு என்பது எவ்வளவு?

இக்கதையைச் சுவைக்க இரண்டு அறிவியல் செய்திகளை அறிந்திருந்தால் போதும்.

முதலாவது, தொலைவு. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். நிலவிலிருந்து ஒளி நம்மை வந்தடைய ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். கதிரவனிலிருந்து வர எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். அவ்வாறு ஓராண்டுக் காலம் ஒளி ஓடும் தொலைவே ஓர் ஒளியாண்டு. அது ஏறத்தாழ 9½ இலட்சம் கோடி கிலோமீட்டர். நம் பால்வெளி மண்டலத்தின் குறுக்களவு ஏறத்தாழ 1 இலட்சம் ஒளியாண்டு. சிறிய மெகல்லன் முகிலோ நம்மிடமிருந்து ஏறத்தாழ 2 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதாவது, இன்று நம்மை வந்தடையும் அதன் ஒளி, 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டது.

தென்கோளத்து நாடுகளில் இருண்ட இரவில் அதனை வெறுங்கண்ணால் காணலாம். பஞ்சுத் துண்டொன்று வானில் ஒட்டியிருப்பதுபோல் தோன்றும். 1519-இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட கடலோடி மெகல்லனின் பெயரை அது தாங்கியுள்ளது. அந்த மெகல்லன் யார்? 1511-இல் போர்த்துகீசியர் நம் மலாக்காவைக் கைப்பற்றியபோது அப்படையில் இருந்தவர். வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் மலாக்காவுக்கும் இவ்விண்மீன் முகிலுக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு.

மாறுதலின் விதி

இரண்டாவது செய்தி, மாறுதலைப் பற்றியது. சூடான தேநீரை மேசைமேல் வைத்தால் அது ஆறிவிடும். ஆறிய தேநீர் தானாகவே மறுபடியும் சூடாவதில்லை. ஒரு குவளை நீரில் மையொரு துளி விட்டால் அது பரவிக் கலந்துவிடும். கலந்த மை மீண்டும் ஒரு துளியாகத் திரண்டு வருவதில்லை. உலகில் வெப்பமும் பொருள்களும் தாமாகப் பரவிச் சிதறுகின்றன. தாமாகத் திரும்பிக் கூடுவதில்லை. இச்சிதறலை அளக்கும் அளவைக்கு 'என்ட்ரோபி' என்று பெயர். ஜெர்மனி நாட்டு அறிஞர் கிளாசியஸ் 1865-இல் இப்பெயரைச் சூட்டினார்.

நேற்று, இன்று, நாளை என்று காலம் ஒரே திசையில் ஓடுவதாக நாம் உணர்வதற்கு இவ்விதியும் ஒரு காரணம் என்று அறிஞர் கூறுவர். இவ்விதியே இல்லாத உலகம்தான் கிழிசலின் மறுபுறத்தில் இருக்கிறது. அங்கு எதுவும் தேய்வதில்லை, எதுவும் அழிவதில்லை. "அப்படியானால் அது சொர்க்கம் அல்லவா?" என்று கேட்கத் தோன்றும். எண்ணிப் பாருங்கள். தேய்வில்லாத இடத்தில் வளர்ச்சி உண்டா? விதை சிதையாமல் முளை வெளிவருமா? அரிசி தன் நிலையை இழக்காமல் சோறாகுமா? இறப்பு ஏன் இருக்கிறது என்னும் பெருவினாவை, விண்கலக் கதையொன்று நம் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. இந்நூல் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதுவே சான்று.

ஒரு தாயின் வினா

இனி நம் மாணவனிடம் திரும்புவோம். அவனுடைய தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்பவர். ஆங்கிலம் அறியாதவர். தமிழில் நான்காம் ஆண்டு வரை படித்தவர். இரவுச் சாப்பாட்டிற்குப்பின் மகன் கதை கூறுவான். அவர் கேட்டுக்கொண்டே துணி மடித்து வைப்பார்.

கண்ணாடிச் சிலந்தி வந்த பகுதியை அவன் கூறிய இரவில், அவ்வம்மையார் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு ஒரு வினாவைக் கேட்டாராம். "அது கண்ணாடியாச்சே, யாராவது தெரியாமல் இடித்துவிட்டால் உடைந்துபோகுமே? அந்தக் கப்பலில் இருக்கிறவர்கள் எல்லாம் எவ்வளவு பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும்!"

மாணவனுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவன் அதுவரை 'சிலந்தி எப்படிக் கணக்குப் போடும்?' என்றே எண்ணிக்கொண்டிருந்தான். அவன் தாயாரோ, 'அது நொறுங்கிவிடக்கூடாதே' என்று கவலைப்பட்டார். மறுநாள் அவன் படித்தபோது, இயந்திரப் பொறுப்பாளர் ஸ்காட்டும் அச்சிலந்தி அறிஞரும் உரையாடும் இடங்களைக் கூர்ந்து நோக்கினான். அவருடைய கணக்குகள் ஸ்காட்டுக்கு முதலில் பிடிபடுவதில்லை. ஸ்காட் அறிந்த இயற்பியலின் விதிகளைத் தாண்டி அவை நிற்கின்றன. ஆயினும் ஸ்காட் அவரை விட்டு விலகவில்லை. கேட்கிறார், மறுக்கிறார், மீண்டும் கேட்கிறார். புரியாமை அவ்விடத்தில் பகையாகவில்லை, நட்பாக மாறியது.

நூலை முடித்துக்கொண்டு மாணவன் என்னிடம் வந்தான். கதையின் முடிவை அவன் சொல்லத் தொடங்கியபோது நான் ஒன்றைக் கவனித்தேன். "அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா ஐயா?" என்றான்.

"யார்?" என்றேன்.

"கண்ணாடிச் சிலந்திதான் ஐயா" என்றான்.

'அது' எந்தப் பக்கத்தில் 'அவர்' ஆனது என்று அவனுக்கே தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. நூலாசிரியர் எழுதிய நோக்கம் அவ்விடத்திலேயே நிறைவேறிவிட்டது.

படிக்கும் முறை

மாணவர்களே! கடினமான கதைநூல் எதுவாயினும் கீழ்க்காணும் வழிகளைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவதாக, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் பெயர், அவர் செய்யும் தொழில், அவர் விரும்புவது என்ன என்று மூன்று செய்திகளை மட்டும் எழுதுங்கள். பாரதக் கதையில் எத்தனை பேர் வருகின்றனர்! அவர்களை நாம் ஒரே நாளில் அறிந்துகொண்டோமா? பலமுறை கேட்டுக் கேட்டுத்தானே அறிந்தோம்! அதுபோலவே இதுவும்.

இரண்டாவதாக, அறியாத சொல் வந்தால் அதனடியில் பென்சிலால் சிறு புள்ளி வைத்துவிட்டு மேலே செல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் கதை அறுந்துபோகும். இயல் முடிந்தபின் புள்ளி வைத்த சொற்களைப் பாருங்கள். பாதிச் சொற்களின் பொருள் தானாகவே விளங்கியிருக்கும்.

மூன்றாவதாக, 'இப்போது யாருடைய கண்ணால் பார்க்கிறோம்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நிகழ்ச்சி மருத்துவருக்கு ஒருவிதமாகவும், இயந்திரப் பொறுப்பாளருக்கு வேறுவிதமாகவும் தோன்றும். கலத்தில் எல்லாவற்றையும் அறிந்தவர் எவருமில்லை. தலைவருக்கு இயந்திரம் தெரியாது. இயந்திரம் அறிந்தவருக்கு மருத்துவம் தெரியாது. ஆளுக்கொரு பகுதியை அறிந்தவர்கள் கூடித்தான் கலத்தைச் செலுத்துகின்றனர். அப்படியிருக்க, படிக்கும் நீங்கள் மட்டும் முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்று யார் கூறியது?

நான்காவதாக, நண்பர் நால்வர் சேர்ந்து படியுங்கள். ஒருவர் ஸ்பாக்கைப் பின்தொடரட்டும், ஒருவர் ஊஹுராவை, ஒருவர் ஸ்காட்டை, ஒருவர் சிலந்தி அறிஞரை. வார இறுதியில் கூடி, அவரவர் அறிந்ததைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நால்வர் கூடினால் சுமை நான்கில் ஒன்றாகிவிடும்.

ஐந்தாவதாக, படித்ததை வீட்டில் தமிழில் கூறுங்கள். பெற்றோர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'கதைப் புத்தகம் படித்தது போதும், பாடப் புத்தகத்தை எடு' என்று உடனே கடிந்துகொள்ள வேண்டா. கால்மணி நேரம் செவிகொடுங்கள். நூலின் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. அந்தத் தாய் கேட்டாரே ஒரு வினா, அத்தகைய வினா உங்களிடமும் உண்டு.

திரைக்குச் சென்ற சிலந்தி

இந்நூலைப் பற்றி இன்னுமொரு செய்தி உண்டு. 1987-இல் ஸ்டார் டிரெக்கின் புதிய தொடர் தொடங்கியபோது, டயேன் டுவேனும் மைக்கேல் ரீவ்ஸ் என்பவரும் இப்புதினத்தின் கருத்துகள் சிலவற்றைக் கொண்டு ஒரு பகுதிக்குக் கதை எழுதினர். கலம் எண்ணற்கரிய தொலைவுக்குச் சென்றுவிடுவதும், மனத்தில் எண்ணியது கண்முன் தோன்றுவதும் அப்பகுதியில் வந்தன. ஆனால், கண்ணாடிச் சிலந்தி வரவில்லை. அவருடைய இடத்தில் மனித உருவம் கொண்ட பயணி ஒருவர் வந்தார். திரைக்குப் போகும் வழியில் சிலந்தியார் விடுபட்டுவிட்டார். அவரைக் காண வேண்டுமானால் ஏட்டைத்தான் திறக்க வேண்டும்.

எனினும், திரைக்கும் ஆற்றல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஊஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் அம்மையாரைத் தொலைக்காட்சியில் கண்டு ஊக்கம் பெற்ற சிறுமியருள் மே ஜெமிசன் ஒருவர். அவர் மருத்துவராகி, 1992-இல் எண்டவர் விண்கலத்தில் பறந்து, விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்மணி என்னும் பெருமையைப் பெற்றார். கதை ஒரு குழந்தையை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முடிவுரை

ஆறாம் ஆண்டு மாணவர்களே! இன்னும் சில மாதங்களில் நீங்கள் இச்சிறு பள்ளியை விட்டுப் பெரிய பள்ளிக்குச் செல்வீர்கள். உங்களுள் சிலர் புகுமுக வகுப்பிலும் சிலர் முதல் படிவத்திலும் அமர்வீர்கள். பாடங்கள் வேறு மொழியில் இருக்கும். முகங்கள் புதியனவாக இருக்கும். முதல் நாளன்று, 'யார் யாரோ வருகிறார்கள். என்னென்னவோ பேசுகிறார்கள்' என்று உங்களுக்கும் தோன்றும். அப்போது பத்தாம் பக்கத்தில் நூலை மூடிவிடாதீர்கள். பட்டியல் போடுங்கள், புள்ளி வைத்து மேலே செல்லுங்கள், நண்பருடன் கூடிப் படியுங்கள், வீட்டில் வந்து சொல்லுங்கள்.

அப்பள்ளியில் உள்ளோருக்கு நீங்களும் புதியவர்களே. உங்கள் பெயரை உச்சரிக்க அவர்களும் தடுமாறக்கூடும். உங்களை அவர்கள் பொறுமையுடன் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புவீர்கள் அல்லவா? அந்தப் பொறுமையை நீங்களும் பிறருக்கு வழங்குங்கள். கண்ணாடிச் சிலந்தியை 'அவர்' என்று அழைக்கக் கற்றுக்கொண்ட நாவுக்கு, அருகில் அமர்ந்திருக்கும் அயல்மொழி மாணவனைத் தோழனாக அழைப்பது அரிதன்று.

படியுங்கள், பகிருங்கள், உயருங்கள்!

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஒரு நூலைத் திரையில் காட்டும்போது அதிலுள்ள சில விந்தைகள் குறைந்துவிடுவது ஏன்?

2. ஆறிய தேநீர், நீரில் கலந்த மை ஆகியவற்றைப் போன்ற வேறு இரண்டு எடுத்துக்காட்டுகளை உங்கள் வீட்டிலிருந்து தருக.

3. அறியாமல் பிழை செய்தவர்கள் அதனைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்க வேண்டுமா? உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

4. பேசவும் சிந்திக்கவும் வல்ல, ஆனால் மனித உருவம் இல்லாத ஒருவர் உங்கள் வகுப்பிற்கு வந்தால் அவரை எத்திணையில் வைப்பீர்கள்? காரணம் கூறுக.

5. நீங்கள் படித்த கதையொன்றை இன்றிரவு வீட்டில் கூறி, பெற்றோர் கேட்ட முதல் வினாவை எழுதிக்கொண்டு வருக.